அரசு வழக்குரைஞர் எதைப் பேசலாம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்போது பிரேசிலின் முன்னாள் அதிபராக இருந்த லுலாவின் மீதான ஊழல் வழக்கு பற்றிய உங்கள் கட்டுரையில் ஓரிடம் எனக்கு உறுத்துகிறது. பிரேசில் அரசு வழக்குரைஞர்கள் விசாரணை பற்றிப் பத்திரிகையாளர்களிடம் பேசியதை லுலா எதிர்த்தது நியாயம் என்கிறீர்கள். மாட்டிக்கொண்ட எந்த அரசியல்வாதிதான் இதைச் சொல்லவில்லை? வழக்குரைஞர்கள் வாயைத் திறக்காவிட்டால் பெரிய இடத்து வழக்குகள் சத்தமில்லாமல் ஊற்றி மூடப்படும். மக்களுக்குத் தெரிய வேண்டாமா?

கே.

அன்புள்ள கே.,

தெரிய வேண்டும். பிரேசில் அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸில் நடந்த ஊழல் கட்டுக்கதை அல்ல. அதைத் தோண்டியெடுத்த லாவா ஜாட்டோ விசாரணைக்கு மக்கள் ஆதரவு தேவைப்பட்டதும் எனக்குப் புரிகிறது.

ஆனால் 2016 செப்டம்பர் 14 அன்று பிரேசிலின் குரிட்டிபா நகரில் நடந்ததைப் பாருங்கள். அந்த விசாரணையின் அரசு வழக்குரைஞர் குழுத் தலைவர் டெல்டன் டாலக்னோல் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். திரையில் ஒரு பவர்பாயிண்ட் படம். நடுவட்டத்தில் லுலாவின் பெயர், சுற்றிலும் வட்டங்கள், எல்லாவற்றிலிருந்தும் அம்புகள் அந்தப் பெயரை நோக்கி. ஊழல் முழுவதற்கும் உச்சத் தளபதி லுலாதான் என்றார் டாலக்னோல். ஆனால் அவர்கள் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையோ குவாருஜா கடற்கரையில் உள்ள ஒரு மூன்றடுக்குக் குடியிருப்பைச் சுற்றிய லஞ்சம், பணமோசடி பற்றியது. குற்றக் கும்பலை நடத்தினார் என்ற குற்றச்சாட்டு அந்த வழக்கில் இல்லவே இல்லை.

என்னைக் கோபப்படுத்துவது இதுதான். குற்றப்பத்திரிகையில் எழுதினால் ஆதாரம் காட்ட வேண்டும், எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும், நீதிபதி கேள்வி கேட்பார். மைக் முன்னால் சொல்வதற்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஆனால் ஊர் முழுக்கத் தீர்ப்பு அன்று மாலையே எழுதப்பட்டுவிடும்.

லுலா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. 2022 மார்ச்சில் பிரேசிலின் உயர்நிலை நீதிமன்றமான எஸ்.டி.ஜே., நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், டாலக்னோல் 75,000 ரியால் கொடுக்க உத்தரவிட்டது. பேட்டி கொடுத்ததையே நீதிமன்றம் குற்றமாகப் பார்க்கவில்லை. குற்றப்பத்திரிகையைத் தாண்டி, மானத்தைக் கெடுக்கும் விதத்தில் பேசியதைத்தான் தப்பு என்றது. அதற்கு முந்தைய ஆண்டே லுலாவின் தண்டனைகள் ரத்தாகியிருந்தன. குடியிருப்பு வழக்கில் தண்டனை விதித்த நீதிபதி மோரோ பாரபட்சமாக நடந்துகொண்டார் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருந்தது. அந்தப் பவர்பாயிண்ட், இது அரசியல் வேட்டை என்று சொன்னவர்களுக்குக் கையில் கிடைத்த ஆயுதமானது. ஊழல் தண்டிக்கப்பட வேண்டும் என்று நினைக்கிற உங்களைப் போன்றவர்கள்தான் அதற்காக முதலில் கொதித்திருக்க வேண்டும்.

இது அரசியல்வாதிகளுக்கு மட்டுமான பாதுகாப்பும் அல்ல. 2006இல் அமெரிக்காவின் டர்ஹம் நகரில் மைக் நைஃபாங் என்ற அரசு வழக்குரைஞர், டியூக் பல்கலைக்கழக லக்ராஸ் விளையாட்டு அணி வீரர்கள் மீதான பாலியல் வழக்கு பற்றிப் பேட்டி மேல் பேட்டி கொடுத்தார். மறு ஆண்டு, குற்றம் சாட்டப்பட்ட மூவரும் நிரபராதிகள் என்று மாநில அட்டர்னி ஜெனரல் அறிவித்தார். நைஃபாங்கின் வழக்குரைஞர் உரிமமே பறிபோனது. அந்த மூவருக்கும் நல்ல வக்கீல் வைக்க வசதி இருந்தது. அது இல்லாதவன் கதியை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே வழக்குரைஞர் பேசட்டும். எந்தப் பிரிவில் வழக்கு, அடுத்த விசாரணை எப்போது என்று சொல்லட்டும், குற்றப்பத்திரிகை நகலைக் கொடுக்கட்டும், பொய்ச் செய்தி பரவினால் மறுக்கட்டும். இதையும் பேசக் கூடாது என்று ஓர் அரசியல்வாதி சொன்னால், அவரை எதிர்க்க நானும் உங்களோடு நிற்பேன்.