காரணம் கூறுக

வணக்கம் சார்,

என் மகள் இந்த வருஷம் பத்தாவது முடித்திருக்கிறாள். மதிப்பெண் நன்றாகவே இருக்கிறது, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் தாராளமாகக் கிடைக்கும். அவளோ வரலாறு, புவியியல், பொருளியல் இருக்கிற குரூப்தான் வேண்டும் என்கிறாள், அதுவும் புவியியலுக்காக. வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை. "மலை பேரையும் ஆத்து பேரையும் மனப்பாடம் பண்ணி என்ன ஆகப்போகுது?" என்கிறார் என் அண்ணன். எனக்கும் புவியியல் என்றால் பரீட்சையில் இந்திய மேப்பில் பென்சிலால் குறித்தது மட்டும்தான் ஞாபகம். கையில் கூகுள் மேப் இருக்கும்போது, இரண்டு வருஷம் உட்கார்ந்து படிக்க இதில் என்ன இருக்கிறது? ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்.

— ஒரு வாசகர், தாராபுரம் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. நம் பள்ளிகள் பலவற்றில் புவியியல் அப்படித்தான் நடக்கிறது. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் வரலாறு, குடிமையியல், பொருளியலோடு அதுவும் ஒன்று. பொதுத்தேர்வு நெருங்கும்போது, தடுமாறுகிற பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் முதலில் சொல்வது "மேப்பும் காலக்கோடும் போட்டுப் பழகு, பாஸ் ஆயிடலாம்" என்பதைத்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது, தேர்வு அப்படி. ஆனால் அந்தப் பிள்ளைக்கு மேற்குத் தொடர்ச்சி மலை என்பது மேப்பின் இடது ஓரத்தில் பழுப்புக் கலரில் தீட்ட வேண்டிய ஒரு பட்டை, அவ்வளவுதான்.

அதே புத்தகத்தில் பாடத்துக்குப் பின்னால் 'காரணம் கூறுக' என்று ஒரு பகுதி வரும். நோட்ஸில் அதற்கு இரண்டு வரி விடை இருக்கும், அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் புவியியல் என்பதே அந்தப் பகுதிதான். இது ஏன் இங்கே இருக்கிறது, ஏன் அங்கே இல்லை? பெயர்களும் எண்களும் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு வேண்டிய தளவாடம்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஆனைமலையில் வால்பாறைக்குப் பக்கத்திலுள்ள சின்னக்கல்லார், தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. அங்கிருந்து தாராபுரம் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நீங்கள் இருப்பது மாநிலத்தின் வறண்ட வட்டாரங்களில் ஒன்று. ஜூனில் கிளம்பும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்ந்து ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது சூடேறி, மழை தர எதுவும் மிச்சமில்லாமல் வருகிறது. சரி, வடகிழக்குப் பருவமழையாவது உண்டா? தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. ஆனால் அது வங்கக் கடலிலிருந்து வருவது, கடலோரத்தைக் கவனித்துவிட்டு உள்ளே வர வர மெலிந்துவிடும். இரண்டு மழைக்கும் பந்தியில் கடைசி இலை உங்களுக்குத்தான்.

மழை இல்லாவிட்டால் என்ன, காற்று இருக்கிறதே. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மலைத்தொடர் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போயிருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தடுக்க மலை இல்லாத அந்த வாசலில் நெருக்கிக்கொண்டு நுழையும் காற்றுக்கு வேகம் கூடுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது உங்கள் பக்கம் வெறும் பழமொழி இல்லை. உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் நிற்பது அந்த இடைவெளியின் தயவில்.

இனி நிலத்தைப் பாருங்கள். அவ்வளவு குறைந்த மழையில் மனிதர்கள் என்ன செய்தார்கள்? உங்கள் பக்கத்துக் கொரங்காடு அதற்கு விடை. கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் வைத்துக்கொண்டு, மாடும் ஆடும் மேய்க்கிற தனியார் மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாடு அங்கே வளர்ந்ததற்குப் பின்னால் மழைமானி இருக்கிறது. இதைப் பாடமாக எழுதினால் 'மானுடப் புவியியல்' என்று தலைப்பு போட்டு, பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும்படி செய்துவிடுவோம். உங்கள் மகள் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கூகுள் மேப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல கருவி, நானும் அதை நம்பித்தான் வண்டி ஓட்டுகிறேன். ஆனால் உடுமலையிலிருந்து திருமூர்த்தி அணைக்கு எப்படிப் போவது என்று கேட்டால்தான் அது பதில் சொல்லும். அந்த அணைக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்க, கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும். பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தில், மேற்கே அரபிக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரை மடக்கிக் கிழக்கே கொண்டுவந்தார்கள். சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி வரை மலைச்சரிவை ஒட்டியே வளைந்து வளைந்து ஒரு கால்வாய் வருகிறது. உங்கள் பக்கத்தில் காண்டூர் கால்வாய் என்பார்கள். அது ஏன் நேராகப் போகாமல் மலையைச் சுற்றுகிறது? உயரத்தை இழக்காமல், மிக மெல்லிய சரிவில் தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காக. சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் 1:50,000 அளவை நிலவரைபடத்தில் சம உயரக் கோடுகளை, அதாவது ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது பார்த்த உடனே புரியும். கேரளத்தோடு 1970இல் போட்ட ஒப்பந்தம், ஆழியாற்றிலிருந்து அங்குள்ள சித்தூர்ப் பகுதிக்கு விட வேண்டிய தண்ணீர், அதைப் பற்றி அடிக்கடி செய்தித்தாளில் வரும் தகராறு எல்லாம் தண்ணீரை மேற்கே, கிழக்கே என்று பிரித்துவிடும் அந்த நீர்ப்பிரிமேட்டிலிருந்துதான் தொடங்குகின்றன.

இடைச்செருகலாக ஒன்று. நாம் பென்சிலால் குறித்துத் தள்ளிய அந்த இந்திய மேப்பைத் துல்லியமாக அளக்கும் வேலை 1802இல் சென்னை பரங்கிமலை அருகே, லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சங்கிலி பிடித்து அளந்த ஒரு கோட்டிலிருந்து ஆரம்பித்தது. அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக இமயம் வரை போனார்கள். மேப் கேள்விக்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுத்தால் முழுக் கணக்கு வகுப்பும் அதில் வந்துவிடும். யாரும் சொல்வதில்லை.

தெரியாமல் இருப்பதற்கும் விலை உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தமிழ்நாட்டுக்குச் சராசரியாக ஒரு வருஷத்தில் கிடைப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். பெயர் வைத்த புயல்கூட இல்லை, குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி. அந்த மாதிரி நாளில் எந்தக் குளத்தின் உபரி நீர் எந்தக் குளத்துக்குப் போகும், நடுவில் வீட்டுமனை போட்ட இடம் எது என்பதுதான் கேள்வி. பத்திரம் பதியும்போது இதைக் கேட்கிற ஆள் நம்மில் எத்தனை பேர்?

இனி நீங்கள் நிஜமாகவே கவலைப்படும் விஷயம். இந்தக் குரூப் எடுத்தால் பொறியியலும் மருத்துவமும் கிடையாது. அதை அவளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பின்னால் வருத்தம் வேண்டாம். புவியியல் பட்டப்படிப்பு எல்லாக் கல்லூரியிலும் இல்லை. செயற்கைக்கோள் படம், ஜி.ஐ.எஸ். (கம்ப்யூட்டரில் மேப்போடு தகவல்களைச் சேர்த்து ஆராய்வது) என்று இன்று பேசப்படும் வேலைகளுக்குக் கம்ப்யூட்டரும் புள்ளியியலும் தெரிய வேண்டும், மலை பெயர் போதாது. குடிமைப் பணித் தேர்வில் புவியியல் உதவும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அதற்காக மட்டும் எடுக்கச் சொல்ல மாட்டேன். அவளுக்குக் கணக்கும் பிடிக்கும் என்றால், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துவிட்டுப் பட்டப்படிப்பில் இந்தப் பக்கம் வர வழி இருக்கிறதா என்று அக்கம்பக்கத்துக் கல்லூரிகளின் சேர்க்கை விதிகளைப் பாருங்கள். அது கோழைத்தனம் இல்லை.

இரண்டையும் கேட்டுவிட்டு அவள் புவியியல்தான் என்றால், தடுக்காதீர்கள். குரூப்பைவிடப் பள்ளிதான் எனக்குக் கவலை. மேல்நிலையில் இந்தப் பாடத்துக்குச் செய்முறையும் உண்டு. விண்ணப்பம் கொடுப்பதற்கு முன் நேரில் போய், புவியியலுக்கென்று படித்த ஆசிரியர் இருக்கிறாரா, வரலாற்று ஆசிரியரே சேர்த்து நடத்துகிறாரா என்று விசாரியுங்கள். நிலவரைபடத் தாள்களைப் பிள்ளைகள் கையில் கொடுப்பார்களா, பீரோவிலேயே வைத்திருப்பார்களா என்றும் கேளுங்கள். ஆசிரியர் இல்லாத பள்ளி என்றால் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் வேறு பள்ளி தேடுங்கள், பஸ் பாஸ் இருக்கிறது.