போனை அடையாளம் காண எதை நம்பலாம்?

கேள்வி (வெள்ளவத்தை): புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவரின் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு அப் செய்கிறேன். ஆளுக்கு ஒரு போன்தான் அனுமதி. ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) எடுக்கப் போனால் செக்யூரிட்டி எக்ஸெப்ஷன் (அனுமதி இல்லை என்ற பிழை) வருகிறது அண்ணா.

பதில்: அன்ட்ரொய்ட் 10 முதல் சாதாரண அப்புக்கு ஐஎம்இஐ, சீரியல் நம்பர் இரண்டுமே கிடைக்காது. பெர்மிஷன் கேட்டும் பயனில்லை. இரட்டைச் சிம் போனில் ஐஎம்இஐயே இரண்டு. வைஃபை மேக் முகவரியும் (வைஃபை சிப்பின் அடையாள எண்) உதவாது: அன்ட்ரொய்ட் 6, ஐஓஎஸ் 7 முதல் எல்லாப் போனிலும் 02:00:00:00:00:00 என்றுதான் வரும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): ஃபிளட்டரில் (அப் எழுதும் கருவித்தொகுதி) டிவைஸ் இன்ஃபோ பிளஸ் என்ற பொதி தரும் ஐடியைச் சேமித்தேன். நாலு போனுக்கு ஒரே ஐடி!

பதில்: 'டிபி1ஏ.220624.014' மாதிரி இருக்கிறதா? அது பில்ட் ஐடி, அதாவது போனில் ஓடும் அன்ட்ரொய்ட் பதிப்பின் பெயர். அதே பில்ட் ஓடும் போன் எல்லாவற்றுக்கும் அதுதான். உங்களுக்கு வேண்டியது செக்யூர் செட்டிங்ஸில் உள்ள 64 பிட் அன்ட்ரொய்ட் ஐடி. அன்ட்ரொய்ட் 8 முதல் அது போன், யூசர், சைனிங் கீ (அப்பை உருவாக்குபவர் அதில் கையொப்பமிடும் சாவி) மூன்றையும் பொறுத்தது. அதனால் கீ வேறாக உள்ள டிபக் (சோதனை) பில்டில் ஒன்று, ரிலீஸ் (வெளியீட்டு) பில்டில் வேறொன்று வரும், பதற வேண்டாம். அப்பை அழித்துத் திரும்பப் போட்டாலும் மாறாது, ஃபெக்டரி ரீசெட் செய்தால் மாறும்.

கேள்வி (தெஹிவளை): நானே யூயூஐடி (எழுந்தமானமான தனி அடையாளம்) உருவாக்கி ஷெயார்ட் பிரிஃபரன்ஸில் (அப்பின் அமைப்புகளைச் சேமிக்கும் கோப்பு) வைத்தேன். புதுப் போன் வாங்கியவருக்கும் பழைய ஐடியே வருகிறது.

பதில்: ஓட்டோ பேக்கப் செய்த வேலை. பிரிஃபரன்ஸ் கோப்பு கூகிள் கணக்கு வழியே புதுப் போனில் இறங்கிவிடுகிறது. இரண்டு போனுக்கும் ஒரே பெயர். ஐடியை நோ பேக்கப் ஃபோல்டரில் எழுதுங்கள். ஐபோனில் வெண்டர் ஐடியை (ஒரே நிறுவனத்தின் அப்களுக்குப் போன் தரும் ஐடி) மட்டும் நம்பாதீர்கள். உங்கள் நிறுவன அப்கள் எல்லாவற்றையும் அழித்தால் அது மாறிவிடும். ஐடியை ஐபோனின் இரகசியப் பெட்டகமான கீசெயினில் 'திஸ் டிவைஸ் ஒன்லி' (இந்தப் போனில் மட்டும்) வகையில் வையுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): ரூட் செய்த (முழு அதிகாரமும் திறக்கப்பட்ட) போனில் ஐடியை மாற்றி அனுப்பினால்?

பதில்: அனுப்பத்தான் செய்வார்கள். ஐடி என்பது வெறும் எழுத்து, யாரும் நகலெடுக்கலாம். ஆகவே போனிடம் பெயர் கேட்காமல் கையொப்பம் கேளுங்கள். முதல் லொகினில் ஓடிபி சரியானதும் கீஸ்டோருக்குள் (போனின் பாதுகாப்பான சாவிப் பெட்டகம்) ஒரு சாவிச் சோடி உருவாக்குங்கள். பப்ளிக் கீ (கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி) மட்டும் சேர்வருக்குப் போகட்டும். பிரைவேட் கீ (கையொப்பமிடும் சாவி) போனை விட்டு வெளியேறாது, பேக்கப்பிலும் சேராது. பிறகு ஒவ்வொரு லொகினிலும் சேர்வர் 32 பைட் எழுந்தமான எண் ஒன்றை அனுப்ப, அப் அதில் கையொப்பமிட்டுத் திருப்ப வேண்டும். ஒருமுறை பயன்பட்ட எண்ணைச் சேர்வர் மறுபடி ஏற்கக் கூடாது.

அப்பை அழித்தால் அந்தச் சாவியும் போய்விடும். போன் தொலைந்தாலும் இதே நிலைதான். எனவே பழைய சாவியை இரத்துச் செய்து புதியதைப் பதிய மேற்பார்வையாளருக்கு ஒரு பொத்தான் கட்டாயம் வையுங்கள். அது இல்லாவிட்டால் மழைக்குள் கடை வாசலில் நிற்கும் பிரதிநிதியால் ஓடர் எடுக்க முடியாது.