அறுவை சிகிச்சைக்குப் பிறகு படிப்பு: ஓர் அம்மாவுக்கு எழுதிய பதில்

அம்மா, வணக்கம்.

திருநங்கையான உங்கள் மகளுக்கு இருபது வயது, மூன்றாம் ஆண்டு முடிக்கப்போகிறாள், யோனி அமைக்கும் பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சைக்கு மருத்துவர்கள் சம்மதித்துவிட்டார்கள், தேதி மட்டும்தான் முடிவாக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வார விடுமுறைக்குள் எல்லாம் முடிந்து, கல்லூரி திறக்கிற நாளில் அவள் வகுப்பில் உட்கார்ந்துவிடலாமா, இல்லை ஒரு வருடம் வீணாகிவிடுமா என்பது உங்கள் கேள்வி.

வகுப்புக்குப் போகலாம். ஆனால் அந்தப் பருவத்தின் எல்லாப் பாடங்களையும் சுமந்துகொண்டு போகக் கூடாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் இந்தச் சிகிச்சைக்குத் தயாராகிற குடும்பங்கள் பெரும்பாலும் படுக்கையில் இருக்கும் நாட்களை மட்டும்தான் கணக்குப் போடுகின்றன. படிப்பு தடுமாறுவது அந்த நாட்களில் இல்லை. பார்ப்பவர்களுக்கு அவள் நன்றாகத் தேறிவிட்டவளாகத் தெரிகிற மூன்றாவது மாதத்தில்தான்.

முதலில் உடலின் கணக்கு. அறுவை சிகிச்சை முடிந்து சில நாள் முதல் ஒரு வாரம் வரை மருத்துவமனையில் இருக்க வேண்டியிருக்கும். உள்ளே வைத்த காஸ் துணியையும் சிறுநீர்க் குழாயையும் பொதுவாக ஒரு வாரத்தை ஒட்டி எடுப்பார்கள். அதற்குப் பிறகு டைலேட்டர் பயிற்சி தொடங்கும். புதிதாக அமைத்த யோனி சுருங்கிப்போகாமல் இருக்க, டைலேட்டர் என்ற உருளை வடிவக் கருவியைக் குறிப்பிட்ட நேரம் உள்ளே வைத்திருக்கும் பயிற்சி இது. பல மருத்துவமனைகளில் முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு மூன்று முறை வரை செய்யச் சொல்கிறார்கள். பிறகு மெல்லக் குறைத்து, ஒரு வருடத்தை நெருங்கும்போது வாரத்துக்குச் சில முறை என்ற அளவுக்கு வரும். துல்லியமான அட்டவணையை உங்கள் அறுவை சிகிச்சை நிபுணர்தான் தருவார், மருத்துவருக்கு மருத்துவர் அது மாறும்.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை ஆகும் என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு "இவ்வளவுதானா" என்று நினைத்துவிடாதீர்கள். தயாராவது, உடல் தளரும்வரை காத்திருப்பது, பின்பு சுத்தம் செய்வது, டைலேட்டரைக் கழுவி உலர்த்தி வைப்பது எல்லாம் சேர்த்தால் முக்கால் மணி, ஒரு மணி ஆகிவிடும். நாளைக்கு மூன்று முறை என்றால் இரண்டேகால் முதல் மூன்று மணி நேரம். இதைத் தள்ளிப்போட முடியாது. பரீட்சை நெருங்குகிறது என்று சில நாள் விட்டுவிட்டால், அகலமும் ஆழமும் குறையலாம். பிறகு திரும்பக் கொண்டுவருவது வலியோடு கூடிய வேலை, சில சமயம் முடியாமலும் போகலாம்.

இப்போது நாள்காட்டியைப் பாருங்கள். விடுமுறையின் முதல் நாளே சிகிச்சை நடந்தாலும், கல்லூரி திறக்கும்போது அவள் ஒன்பதாவது வாரத்தில் இருப்பாள். மேசை வேலைக்கும் வகுப்புக்கும் திரும்ப ஆறு முதல் எட்டு வாரம் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதால், அந்த வகையில் சரிதான். ஆனால் நாளைக்கு மூன்று முறை என்ற கட்டம் இன்னும் நான்கைந்து வாரம் பாக்கி இருக்கும். வீக்கம் முழுதாக வடியவில்லை. நெடுநேரம் உட்கார்ந்தால் வலிக்கும். சாயங்காலம் ஆனால் சோர்ந்துபோவாள். இந்த நிலையில் ஆறு பாடம், இரண்டு ஆய்வகம், ஒரு புராஜெக்ட் என்றால் ஏதோ ஒன்று உடையும். பெரும்பாலும் முதலில் உடைவது டைலேட்டர் பயிற்சிதான், ஏனென்றால் அதை மட்டும்தான் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அதனால் என் யோசனை: பல்கலைக்கழக விதி அனுமதித்தால் அந்தப் பருவத்தில் பாதிப் பாடங்களை மட்டும் எடுக்கட்டும். ஆய்வகமும் களப்பணியும் உள்ளவற்றை அடுத்த பருவத்துக்குத் தள்ளுங்கள். விடுமுறை எட்டு வாரத்துக்குக் குறைவாக இருந்தாலோ, பாடங்களைக் குறைக்க வழியே இல்லை என்றாலோ, ஒரு பருவம் முழுவதும் மருத்துவ விடுப்பு எடுப்பதே நல்லது. அரியர் வைத்துக்கொண்டு அவதிப்படுவதைவிட, ஆறு மாதம் தள்ளி நல்ல மதிப்பெண்ணோடு முடிப்பது வேலை தேடும்போது எவ்வளவோ மேல். ரெஸ்யூமேயில் அந்த இடைவெளிக்கு "மருத்துவ விடுப்பு, முழுமையாகக் குணமடைந்தேன்" என்று ஒரு வரி போதும். நேர்காணலில் கேட்டாலும் அதே வரிதான். என்ன சிகிச்சை என்று விளக்கவேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

தேதியைப் பற்றி இன்னொன்று. அது முழுக்க உங்கள் கையில் இருக்காது. உலகத் திருநர் உடல்நலத் தொழில்முறைச் சங்கம் 1979 முதல் வெளியிட்டுவரும் சிகிச்சை வழிகாட்டியின் எட்டாவது பதிப்பு 2022-இல் வந்தது. ஹார்மோன் எடுப்பவர்கள் பொதுவாகக் குறைந்தது ஆறு மாதமாவது எடுத்திருக்க வேண்டும், வயதுவந்தவர்களுக்கு ஒரு நிபுணரின் மதிப்பீட்டுக் கடிதம் போதும் என்கிறது அது. இருந்தாலும் மருத்துவமனைகள் தங்களுக்கென்று கூடுதல் நிபந்தனை வைப்பதுண்டு, காத்திருப்போர் பட்டியலும் இருக்கும். தேதி விடுமுறையின் நடுவில் விழுந்தால் "எப்படியோ சமாளிக்கலாம்" என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்த விடுமுறைக்கு மாற்றக் கேளுங்கள், இல்லாவிட்டால் விடுப்புக்கு விண்ணப்பியுங்கள். இரண்டாவதாக ஒரு சிறு திருத்தச் சிகிச்சை தேவைப்படுமா, தேவைப்பட்டால் எத்தனை மாதம் கழித்து என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். கடைசிப் பருவத்தின் நேர்காணல் நாட்களில் அது வந்து விழக்கூடாது.

அந்த எட்டு வாரத்தில் எவ்வளவு படிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே வேண்டாம். மயக்க மருந்தும் வலி மாத்திரையும் சேர்ந்து நினைவையும் கவனத்தையும் மந்தமாக்கும். அந்த நேரத்தில் படித்தது நிற்காது, நிற்கவில்லையே என்ற பயம்தான் மிஞ்சும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் சாய்ந்து படுத்தபடியே பாட ஒலிப்பதிவுகளைக் கேட்கலாம், லேசாக வாசிக்கலாம். அப்புறம் அரை மணி அரை மணியாக எழுதிப் பார்க்கும் பயிற்சி. சில மாணவர்கள் டைலேட்டர் நேரத்தையே படிப்பு நேரமாகக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடுப்புத் தசை தளர்ந்தால்தான் அந்தப் பயிற்சி வலிக்காமல் நடக்கும். கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு யாராலும் தளர்வாக இருக்க முடியாது. பாட்டுக் கேட்கட்டும், கதை கேட்கட்டும்.

கல்லூரி திறந்த பிறகு ஒரு நாளை எப்படி அமைப்பது? வகுப்புக்கு முன் ஒரு முறை, வகுப்பு முடிந்து வந்ததும் ஒரு முறை, தூங்குமுன் ஒரு முறை. இந்த இடைவெளி போதுமா என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டால், கல்லூரிக்குள்ளேயே இடம் தேடவேண்டிய அவசியம் வராது. காலைக்காக ஒரு மணி நேரம் முன்னதாக எழவேண்டும் என்றால், இரவு அதற்கேற்ப முன்கூட்டியே படுக்க வேண்டும். தூக்கத்தைக் குறைத்து நேரம் எடுக்கக் கூடாது. விடுதியில் பகிர்ந்துகொள்ளும் அறையும் பொதுக் குளியலறையும் என்றால் இது நடக்கவே நடக்காது. தாழ்ப்பாள் போட்ட அறையும், அருகில் சுத்தமான குளியலறையும் கட்டாயம் வேண்டும். அந்த ஒரு பருவத்துக்கு வீட்டிலிருந்தோ தனி அறையிலிருந்தோ போய்வர ஏற்பாடு செய்யுங்கள்.

வீட்டில் இருக்கும்போது உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "முடிச்சிட்டியா, வலிக்குதா" என்று ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டாதீர்கள். அக்கறையில்தான் கேட்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் அது அவளுடைய உடல், அவளுடைய அந்தரங்கம். வாரத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பேசுவோம் என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் யாரிடம் சொல்வது? வருகைப் பதிவிலும் தேர்விலும் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒரே ஒருவரிடம், அதுவும் அவள் விரும்பினால். மற்ற எல்லோருக்கும் "அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, கனமான எதையும் தூக்கக் கூடாது" என்பது போதும். மருத்துவச் சான்றிதழில் சிகிச்சையின் பெயர் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. "பொது மயக்க மருந்து கொடுத்துச் செய்த அறுவை சிகிச்சை, இத்தனை வாரம் ஓய்வு, இன்னின்ன சலுகை தேவை" என்று எழுதித்தருமாறு மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். மருத்துவமனைப் பதிவில் ஒரு பெயரும் கல்லூரிப் பதிவில் வேறு பெயரும் இருந்தால் சான்றிதழை ஏற்க மறுக்கக்கூடும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டும் ஆவணத்தைச் சேர்த்தே கொடுங்கள்.

பெயர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பட்டச் சான்றிதழ் அச்சாவதற்கு முன் பெயரும் பாலினமும் மாற்றும் வேலையை முடித்துவிடுவது நல்லது. அச்சான பிறகு திருத்துவது பெரிய அலைச்சல், ஒவ்வொரு வேலைக்கும் பழைய பெயரை விளக்கவேண்டியும் வரும். விடுப்பு எடுக்கிற பருவத்தில் இதைத் தொடங்கலாம். உட்கார்ந்த இடத்தில் நிரப்பக்கூடிய படிவங்கள்தானே.

கேட்கவேண்டிய சலுகைகளை வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். உட்கார வளைய வடிவக் குஷன், பாட நேரத்தில் எழுந்து நிற்க அனுமதி, மூன்று மணி நேரத் தேர்வில் இடைவேளை, கழிப்பறைக்கு அருகில் இருக்கை. குஷனைத் தேர்வு அறை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டால் அன்றைய மனநிலையே போய்விடும், அதனால் முன் அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். லேப்டாப்போடு புத்தகப் பையைத் தூக்குவது குறைந்தது முதல் ஆறு வாரம் கூடாது, அதற்குப் பிறகும் மருத்துவரைக் கேட்டுத்தான். சைக்கிளும் நீச்சலும் இன்னும் தள்ளிப்போகும். விளையாட்டு வகுப்புக்கு விலக்குக் கடிதம் வாங்கிவிடுங்கள்.

திருநம்பி மாணவர்களின், அதாவது பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்களின், பெற்றோரும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. மார்புச் சிகிச்சை என்றால் கணக்கு இதைவிட எளிது. வடிகுழாய் ஒரு வாரம் அளவில் வெளியே வந்துவிடும், சில வாரம் இறுக்க உடுப்பு அணிய வேண்டும், கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, பை தூக்கக் கூடாது. முன்கைத் தோலை எடுத்து ஆண்குறி அமைக்கும் சிகிச்சை மட்டும் பல கட்டமாக, மாதக்கணக்கில் நடக்கும். எழுதும் கை எது என்பதை அவர்கள் மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் கடிதத்தில் கேட்காத ஒன்றும் இருக்கிறது. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பலருக்கு மனம் இறங்கும், காரணமில்லாமல் அழுகை வரும். மயக்க மருந்து, வலி, தூக்கமின்மை, எல்லாவற்றுக்கும் பிறரை நம்பியிருப்பது, சில மருத்துவர்கள் ஹார்மோனைச் சில வாரம் நிறுத்தச் சொல்வது எல்லாமே இதில் சேரும். அதைப் பார்த்துவிட்டு "அவசரப்பட்டுவிட்டோமோ" என்று அவள் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். அந்த அழுகையை வருத்தப்படுவதற்கான சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

உடலைப் பொறுத்தவரை 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நிற்காத ரத்தப்போக்கு, சிறுநீர் வராமல் போவது, கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, யோனி வழியாக மலமோ காற்றோ வருவது, இவற்றில் எது வந்தாலும் வகுப்பு, தேர்வு எதையும் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். இந்தப் பட்டியலை அவளோடு தினமும் இருக்கும் தோழி ஒருத்திக்காவது அவள் சம்மதத்தோடு சொல்லி வையுங்கள். புகைக்கும் பழக்கம் இருந்தால் மருத்துவர் சொன்ன நாளிலிருந்து முழுக்க நிறுத்த வேண்டும். நிகோட்டின் ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயம் ஆறுவதைக் கெடுக்கும்.

இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுங்கள். அடுத்த பருவத்துக்கான பாடப் பட்டியலையும் வகுப்பு நேர அட்டவணையையும், மருத்துவர் சொல்லும் டைலேட்டர் அட்டவணையையும் அவளே ஒரே தாளில் எழுதி எனக்கு அனுப்பட்டும். பாடப் பதிவு தொடங்குமுன் அனுப்பினால், எந்தப் பாடங்களை வைத்துக்கொள்ளலாம், எதைத் தள்ளலாம் என்று அவளோடு பேசி முடிவு செய்கிறேன்.