வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வருபவர்களுக்கு, எல்லாச் சமூகத்தாரையும் சேர்த்து வரலாற்றை எப்படிச் சொல்லித்தருவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் எழுத வரும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் வரலாறு எடுக்கிறேன். பள்ளியைப் பாதியில் விட்ட இளைஞர்களும் வருவார்கள். பாதிப் பேர் ஜூலு மக்கள், மீதியில் நம்மவர்கள், அதாவது இந்திய வம்சாவளியினர், நிறைய. நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: ஆளுக்கொரு பாடம் என்று பிரித்துக் கொடுக்காதீர்கள். அவரவர் பாடம் முடிந்ததும் தூங்கிவிடுவார்கள்.

ஒரே ஒரு வருடத்தை எடுங்கள். நான் பலகையில் 1913 என்று எழுதுவேன். அந்த ஜூனில் வந்த நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டு நிலத்தில் சுமார் 7 சதவீதத்தைத்தான் விட்டுவைத்தது. அதே வருடம் ப்ளூம்ஃபோன்டைனில் அனுமதிச் சீட்டோடுதான் நடமாட வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் சிறைக்குப் போனார்கள். வருடக் கடைசியில் நியூகாசில் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் கூலி ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது போட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்து நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை போய்க் காய்ச்சலோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் இறந்தபோது வயது 16.

அப்புறம் கப்பல் பட்டியல். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது முதல், கூலி ஒப்பந்தத்தில் வந்தவர்களைப் பற்றி எழுதிவைத்த பதிவு. ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தேன். தையல் ஃபேக்டரியில் முப்பது வருடம் வேலை பார்த்த ஒரு அம்மா விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். அப்பா பெயர், வயது, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. "பேருக்கு முன்னாலேயே நம்பரைப் போட்டிருக்கே?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த ஜூலுப் பையன், "எங்க தாத்தா பாஸ் புத்தகத்திலும் நம்பர் உண்டு, அது இல்லாமல் டவுனுக்குள் வர முடியாது" என்றான். அன்று நான் பேசவே தேவைப்படவில்லை.

கஷ்டமான பாடம், டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த 1949 ஜனவரிக் கலவரம். எங்கள் வீடுகளில் இந்தியர்கள் அடிபட்ட கதை மட்டும்தான் கேட்டிருப்போம். இறந்த 142 பேரில் 87 பேர் ஆப்பிரிக்கர்கள், 50 பேர் இந்தியர்கள். முதலில் வீட்டில் கேட்டதை ஆளுக்கொரு தாளில் எழுதச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு இந்தக் கணக்கைப் படியுங்கள். நம்மவர்கள் முகம் மாறும். மாறட்டும்.

ஒரு விஷயம்: இந்தப் பாடத்தை வகுப்பின் கடைசி அரை மணிக்கு ஒதுக்காதீர்கள். பேச வந்தது பாதியில் நிற்க, யாரும் டாக்ஸி பிடிக்க ஓடக்கூடாது.