கேள்வி பதில்: காரில் மெட்டியோரா

ஜூன் விடுமுறையில் ஏதன்ஸில் கார் எடுத்து, கிரீஸில் பாறை உச்சிகளில் கிறிஸ்தவ மடங்கள் உள்ள மெட்டியோரா போகிறோம். மடங்களுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். 72 வயது அம்மாவும் வருகிறார். ஆறு மடங்களையும் பார்த்துவிடலாமா?
– வாசகி, ஈசூன்

முடியாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் சில நிமிடம்தான். நேரத்தைத் தின்பவை படிகள். பெரிய மெட்டியோரோன் மடத்துக்குக் கார் நிறுத்துமிடத்திலிருந்து முதலில் கீழே இறங்கி, பிறகு ஏற வேண்டும்; ஏறத்தாழ 300 படி. வீவக அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி பழுதாகி 17, 18 மாடி ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அகியா திரியாதா மடமும் அப்படித்தான். பள்ளத்துக்கு இறங்கிச் சுமார் 140 படி ஏற வேண்டும். திரும்பும்போது அந்தப் பள்ளத்திலிருந்து சாலைக்கு மறுபடி ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது ஏற்றத்தில்தான்.

அம்மாவுக்கு ஏற்றது அகியோஸ் ஸ்டெஃபனோஸ். பெண் துறவிகள் மடம். சாலையோரத்திலிருந்து ஒரு சிறு பாலத்தைக் கடந்தால் வாசல். மதியம் சுமார் இரண்டு மணி நேரம் மூடிவிடுவார்கள், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள்.

கிழமையையும் பாருங்கள். வழக்கமாகத் திங்களில் ஸ்டெஃபனோஸ், செவ்வாயில் பெரிய மெட்டியோரோன், புதனில் ரூசானு, வியாழனில் திரியாதா, வெள்ளியில் வர்லாம் மூடியிருக்கும். குளிர்காலத்தில் விடுமுறை இன்னும் கூடும். இந்த அட்டவணை மாறுவதும் உண்டு, எனவே முந்தின நாள் அடிவார ஊரான கலம்பாக்காவில் உங்கள் விடுதியில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று மடம் போதும். இரண்டு இரவு தங்குங்கள். காலை ஒன்பது மணிக்கு வாசலில் நின்றால் சுற்றுலாப் பேருந்துகள் வருமுன் வெளியே வந்துவிடலாம். நுழைவுக் கட்டணம் ஒவ்வொரு மடத்துக்கும் தனித்தனி. சில்லறை யூரோ கையில் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கூட்டம் மொய்க்கும் பெரிய மெட்டியோரோனை விட்டுவிட்டு, கஸ்திராகி கிராமத்திலிருந்து ஏறும்போது முதலில் வரும் அனபாவ்சாஸ் மடத்தைச் சொல்வோம். கிரீட் தீவின் தியோஃபனிஸ் 1527இல் தீட்டிய சுவரோவியங்கள் அந்தச் சின்னக் கோயிலில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கைதான் படக்கூடாது.

சேலை, சுடிதார் போட்டுக்கொண்டு உள்ளே போகலாமா?
– வாசகி, தெம்பனிஸ்

சேலை தாராளமாக. கையில்லாத ரவிக்கை மட்டும் வேண்டாம். சுடிதாரில்தான் சிக்கல்: பெண்கள் கால்சட்டை அணிந்து வரக்கூடாது என்பது அங்கே விதி. உங்கள் டாப்ஸ் முழங்காலைத் தாண்டினாலும், வாசலில் இருப்பவர் கண்ணுக்கு அது கால்சட்டையாகவே படலாம். மேலே சுற்றிக்கொள்ள வாசலில் துணி கொடுப்பார்கள். அது பலர் கட்டி அவிழ்த்த துணி. பையில் ஒரு நீளப் பாவாடை வைத்துக்கொள்வது மேல். ஆண்களுக்கு முழுக் கால்சட்டை, தோள் மூடிய சட்டை.

செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. பழக்கதோஷத்தில் கழற்றி வைத்துவிட்டுத் தேடாதீர்கள்! உள்ளே படம் எடுக்கக்கூடாது. திருவுருவப் படங்கள் வரிசையாக உள்ள தடுப்புக்கு அப்பால் நம் கருவறை மாதிரி. எட்டிப் பார்க்கவும் கூடாது. மெழுகுவர்த்தி ஏற்ற விரும்பினால் பெட்டியில் காசு போட்டு எடுத்து, மணல் தட்டில் குத்தி வையுங்கள்.

என்னிடம் 3ஏ உரிமம். அங்கே ஓட்டலாமா?
– வாசகர், செங்காங்

3ஏ என்றால் ஆட்டோ கியர் மட்டும். அங்கே வாடகைக் கார்களில் மேனுவல்தான் அதிகம், ஆட்டோவை முன்பே பதிவு செய்யுங்கள். சிங்கப்பூர் உரிமத்தோடு அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிங்கப்பூரில் எடுக்கலாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் ஷெங்கன் விசாவை மறந்துவிட வேண்டாம்.

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நம் உடல் காரின் வலப்பக்கம் உட்கார்ந்தே பழகியது. இடப்பக்க இருக்கைக்கு மாறியதும், நம்மை அறியாமல் காரை வலப்புறம் ஒதுக்கிக்கொண்டே போவோம். வலப்பக்கச் சக்கரம் ஓரக்கல்லில் உரசும். மலைச்சாலையில் சில இடங்களில் அந்தப் பக்கம்தான் பள்ளம். கார் வலப்புறம் ஒதுங்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் எச்சரித்துக்கொண்டே வரட்டும். சிக்னல் போட நினைத்தால் வைப்பர் ஆடும், பதற வேண்டாம். நெம்புகோல்கள் இடம் மாறியிருக்கும்.

ஏதன்ஸிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்கு மேல். பதினொரு மணி நேரம் பறந்து இறங்கிய கையோடு கிளம்பாதீர்கள்.

சைவ உணவு கிடைக்குமா?
– வாசகி, பிடோக்

கிடைக்கும். பிரியாம் என்பது காய்கறிகளை எண்ணெய் விட்டு அவனில் சுட்டது. ஜிகாண்டெஸ் பெரிய வெள்ளை பீன்ஸ். 'நிஸ்திசிமோ' என்று எழுதியிருந்தால் விரத உணவு: இறைச்சி, முட்டை, பால் இருக்காது. ஆனால் கணவாயும் இறாலும் விரதத்துக்கு ஆகும் என்பது அவர்கள் கணக்கு. அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள்.