மாமனார் பேசினால் டிவி சத்தம் கூடுகிறது

கேள்வி: உயர்நிலை 2 மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வேர்ல்டு இடிந்து விழுந்ததைப் பற்றி வாசிக்கக் கொடுத்துக் கலந்துரையாட வைத்தேன். பயிற்சித்தாளை நிரப்பினார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. என் மாமனார் அப்போது அங்கே ஒரு கடையில் வேலை பார்த்தவர். அந்தப் பேச்சை ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவோம். பிள்ளைகளைப் பேச வைப்பது எப்படி?
— ஓர் ஆசிரியை, ஈசூன்

பதில்: டிவி சங்கதியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், டீச்சர். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. 1986 மார்ச் 15 காலை, ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டம். 33 பேர் மாண்டார்கள், 17 பேரை உயிரோடு மீட்டார்கள். இதெல்லாம் உங்கள் பயிற்சித்தாளில் இருக்கும். அந்தத் தெருவில் இருந்த மனிதர் உங்கள் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் ரிமோட்டைத் தேடுகிறீர்கள்!

சொன்னதையே சொல்கிறார் என்பீர்கள். முடிக்கும்வரை யாரும் உட்காராததால்தான் மறுபடி ஆரம்பிக்கிறார். சோறு போட்டு, மருந்து எடுத்துக் கொடுத்தால் பெரியவர்களுக்குச் செய்யவேண்டியது முடிந்தது என்று நினைக்கிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் பேச்சைக் கேட்பதும் கடமைதான். உங்கள் கணவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவருடைய அப்பாதானே?

ஒரு மாலை டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். போனில் பதிவு செய்யவேண்டாம். பிறகு அவர் சம்மதித்தால், சொன்னதை ஒரு பக்கம் எழுதி வகுப்பில் வாசியுங்கள். அவரையே கூட்டிப்போய்க் காட்சிப்பொருள் ஆக்கவேண்டாம்.

‘எப்போது, எத்தனை பேர்’ கேள்விகளை அடித்துவிடுங்கள். அவற்றுக்கு விடைதான் எழுதமுடியும், பேசமுடியாது. விசாரணையில் தெரிந்த காரணத்தைச் சொல்லுங்கள்: கட்டடத்தை வடிவமைத்தபோது உள்ளே வரும் ஆட்கள், சாமான்களின் பாரத்தைக் கணக்கிட்டார்கள், கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவில்லை. 1971ல் கட்டியது, 15 ஆண்டு நின்றிருக்கிறது. யார் பொறுப்பு? இதை மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகள் இதற்குச் சண்டையே போடுவார்கள். எம்ஆர்டி ரயில் சுரங்க வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் தாமாக முன்வந்து இடிபாடுகளுக்குள் வழி தோண்டியதையும் சொல்லுங்கள். அவர்களுக்கு என்ன கட்டாயம் என்று யாராவது ஒருவன் கேட்பான். அவனையே பதில் சொல்லச் சொல்லுங்கள்.

பேசாத பிள்ளையைப் பேர் சொல்லி எழுப்பாதீர்கள். வீட்டில் அண்மையில் யாராவது தவறியிருக்கலாம். வகுப்பு முடிந்ததும் தனியாகக் கேளுங்கள். தேவைப்பட்டால் பள்ளி ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.