பொள்ளாச்சி வரைக்கும் காத்திருக்காதீர்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்குக் கல்யாணமாகி வந்தவள் நான். மலையாளம் சரியாக வராது. ஒன்றரை வயது மகனுக்கு மாசம் ஒரு தடவையாவது சளி, காய்ச்சல். சித்தூர் ஆஸ்பத்திரியில் விவரமாகச் சொல்லத் தெரியாததால், மருந்துக்கடை சிரப்பைக் கொடுத்துச் சமாளித்துவிட்டு, சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போகும்போது பொள்ளாச்சியில் காட்டுகிறேன். எத்தனை நாள் பொறுக்கலாம்?

பதில்: இந்த வயதில் வருஷத்துக்கு 6, 8 தடவை சளி பிடிப்பது சகஜம். காய்ச்சல் இறங்கியதும் விளையாடுகிறான், தண்ணீர் குடிக்கிறான் என்றால் இரண்டு நாள் வீட்டிலேயே பார்க்கலாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் காட்டிவிடுங்கள். ‘பல் முளைக்குது, அதான் சூடு’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பல் முளைப்பதால் கடும் காய்ச்சல் வராது.

ஆனால் சில விஷயங்களுக்கு நாள் கணக்கே கிடையாது. முதலாவது மூச்சு. பையன் தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. 1 வயதிலிருந்து 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் போனால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். 2 மாதம் முதல் ஒரு வயது வரை அந்த எண்ணிக்கை 50. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கிளம்புங்கள்.

6, 8 மணி நேரமாக மூத்திரம் போகவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்பினாலும் கண் திறக்காத சோர்வு, இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே அன்றைக்கே காட்ட வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, வாயில் தண்ணீர், ஸ்பூன் எதுவும் வேண்டாம். 5 நிமிஷம் தாண்டினால் 108. எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே எண்தான். தானாக நின்றுவிட்டாலும், முதல் தடவை என்றால் கட்டாயம் காட்ட வேண்டும்.

மழைக்காலத்தில் டெங்கு ஏமாற்றும். நாலாம், ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டு, பிள்ளை துவண்டு, கை கால் சில்லிட்டு, வயிற்றுவலி, வாந்தி என்றால் அது குணமாவதல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த சிரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாராசிட்டமால் பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் இருக்கும், 250 என்றும் இருக்கும். சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100. சிரப் அளவுக்குச் சொட்டு மருந்தை ஊற்றிவிட்டு ஓடி வந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதைப்பு யாருக்கும் வேண்டாம். ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான் உச்சம். 10 கிலோ பையனுக்கு 250 சிரப்பில் 3 மில்லி. 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் கூடாது.

இனி பாஷை. நமக்கு மார்கழியில் பெய்வது பனி; அவர்களுக்கு ‘பனி’ என்றால் காய்ச்சல். வாந்தி ‘சர்த்தி’, மூச்சுத்திணறல் ‘ஸ்வாசம்முட்டல்’, வலிப்பு ‘அபஸ்மாரம்’. இந்த நாலு வார்த்தை போதும். மூச்சு வாங்குவதைச் செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்; வலிப்பு என்றால் கூட இருப்பவரை எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு மருந்து, கடைசியாக எப்போது மூத்திரம் போனான் என்று ஒரு தாளில் எழுதி, பாட்டிலையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். சித்தூர் டாக்டருக்கு அது போதும்.

இன்று அவன் நன்றாக இருக்கிறானா? அப்படியென்றால் ராத்திரி தூங்கியதும் ஒருமுறை மூச்சை எண்ணி, அந்த அட்டையின் ஓரத்திலேயே குறித்து வையுங்கள்.